எலுமிச்சம்பழத்தை அடுப்படியில குடு

வா பேராண்டி, வா. செருப்பை அங்கனயே கழட்டிப் போட்டுட்டுத் திண்ணையில ஏறு. கையில என்ன, எலுமிச்சம்பழமா? மூணு இருக்கே. கோடாங்கி மந்திரிச்சுக் குடுத்ததாக்கும். நல்ல சாறுள்ள பழமாத்தான் தெரியுது. அடுப்படியில ஒங்க பாட்டிகிட்ட குடு, ஊறுகாய்க்கு ஆகும். கழுத்துல கிடக்கிற தாயத்து கிடக்கட்டும். அதை ஊறுகாய் போட முடியாது.

ஒங்க ஆத்தா நேத்து ராத்திரியே போன்ல ஒப்பாரி வச்சுட்டா. பிள்ளைக்கு மெட்ராசுல எதுவோ புடிச்சிருக்காம். தூக்கத்துல நெஞ்சு மேல ஏறி உக்காருதாம். ரூம்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்காம். அது போதாதுன்னு வீட்டுக்காரன் வேற மாடியிலருந்து எட்டி எட்டிப் பாக்கானாம். இந்த மூணுக்கும் காரணம் ஒரே பேய்தான்னு கோடாங்கி உடுக்கை அடிச்சுச் சொல்லிட்டார். செலவு ஏழாயிரம், அதுல மூவாயிரம் முன்பணம். மூணு வேலையையும் ஒண்டியாப் பாக்குதுன்னா சிக்கனமான பேய்தான். ஆனா எனக்கென்னமோ அந்த மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாத் தெரியலை.

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காத. நம்ம ஊர் நூலகத்துல இருபத்தாறு வருசம் புத்தகம் அடுக்கினவன் நான். வாசிக்க ஆள் வராத நூலகத்துல அடுக்குறவன்தான வாசிச்சாகணும். மாந்திரீகப் புத்தகம் எல்லாம் அட்டை கிழிஞ்சு திரும்பி வரும். வைத்தியப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் வாங்கின நாள் மாதிரியே மணக்கும். அந்த மணத்துக்காகவே அதுகளை எடுத்து வச்சுக்கிட்டேன். போக, ஒஞ் சித்தி மக மனநல மருத்துவம் படிக்கிறாள்ல, அவ லீவுக்கு வந்தா என் வாயைக் கிண்டுவா, நான் அவ வாயைக் கிண்டுவேன்.

சரி, மொதல்ல அந்த நெஞ்சு மேல ஏறுற ஆசாமியை விசாரிப்போம். எப்ப வாரான்? நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து விடியக்காலை படுக்கையில. மல்லாக்கத்தான படுத்திருப்ப? கண்ணு முழிச்சிருக்கு, ஃபேன் சுத்துறது தெரியுது, கதவு தெரியுது. சுண்டுவிரலை அசைக்க முடியலை. கத்தலாம்னா தொண்டையில சத்தம் இல்லை. மூலையில யாரோ நிக்கிற மாதிரி இருக்கு, நெஞ்சு மேல அம்மிக்கல்லை வச்ச மாதிரி இருக்கு. ஒரு நிமிசமோ ரெண்டு நிமிசமோ, அப்புறம் படக்குனு விட்டுருது. சரிதான? வாயைப் பொளக்காத. பேயைப் பாக்காமலே பேயோட அடையாளத்தை நான் சொல்றேன்னா, இதே பேய் ஊர்ல பாதிப் பேரைப் பாத்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.

இதுக்கு நம்ம பக்கத்துல அமுக்குவான்னு பேரு. எங்க காலத்துல புளியமரத்தடியில படுத்தா அமுக்குவான் வருவான்னாங்க. படிச்ச வாத்தியார் ஒருத்தர் அதைத் திருத்தி, மரம் ராத்திரியில கரியமில வாயு விடுது, அதான் அமுக்குதுன்னார். திறந்தவெளியில ஆளை அமுக்குற அளவுக்கு அது எங்க இருக்கு? ரெண்டுமே கதைதான், ரெண்டாவது கதை கொஞ்சம் சட்டை போட்டிருந்துச்சு. நடக்கிறது இதுதான். கனவு காணுற நேரத்துல மூளை கைகாலுக்குப் பூட்டுப் போட்டுருது. போடலைன்னா கனவுல பந்து விளையாடுறவன் பக்கத்துல படுத்திருக்கிறவளை எத்திருவான். சிலபேருக்கு வயசான காலத்துல அந்தப் பூட்டு வேலை செய்யாமப் போய், நிசமாவே எத்துறாங்க. அது தனி நோய். ஒன் விசயத்துல பூட்டு சரியாத்தான் இருக்கு, காவக்காரன்தான் முன்னாடியே முழிச்சுக்கிட்டான். புத்தி எந்திரிச்சிருச்சு, பூட்டு இன்னும் கழறலை, கனவும் முழுசாக் கலையலை. மிச்சமிருக்கிற கனவு ரூமுக்குள்ள நடமாடுது. அசைய முடியாத ஒடம்பைப் பாத்து மூளை பயந்து, யாரோ அமுக்குறான்னு தானே ஒரு கேஸை எழுதிக்குது.

இந்த ஆசாமிக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ஜப்பான்ல கனாஷிபாரிங்கிறான். கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துங்கிற தீவுல ஒரு கிழவி வந்து ஏறி உக்காருதாங்கிறான். ஃபியூஸ்லின்னு ஒரு ஓவியர், 1781-ல, மல்லாக்கச் சரிஞ்சு கிடக்கிற ஒரு பொம்பளை நெஞ்சு மேல குட்டிச்சாத்தான் குத்தவச்சு உக்காந்திருக்கிற மாதிரி வரைஞ்சு, லண்டனையே கிடுகிடுக்க வச்சார். நம்ம கோடாங்கி அதைப் பாத்திருந்தா அந்தக் குட்டிச்சாத்தானுக்கும் மூவாயிரம் முன்பணம் கேட்டிருப்பார்.

பரிகாரம் கேக்குறியா? ஒருச்சாய்ச்சுப் படு. தூக்கத்தை அஞ்சு நாள் பகல்லயும் ரெண்டு நாள் ராத்திரியிலயும்னு பந்தாடாத. வரும்போது மல்லுக்கட்டாத, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாரு. அடிக்கடி வருது, பட்டப்பகல்ல பேசிக்கிட்டு இருக்கையிலயே தூங்கி விழுறேன்னா மட்டும் டாக்டரைப் பாரு. இதுக்குப் பைத்தியம்னு பேரு கிடையாது. தூக்கத்தோட வாசப்படியில வாரது எதுக்கும் அந்தப் பேரு கிடையாது.

இப்ப நான் பாத்ததைச் சொல்றேன். சிரிக்கக் கூடாது.

போன ரெண்டு வருசமா எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போய், முத்தத்துல நிக்கிற ஆடும் ஆளும் ஒண்ணாத் தெரிஞ்சுச்சு. ஒருநா சாயங்காலம் இதே திண்ணையில உக்காந்திருக்கேன். முழங்கால் உசரத்துக்கு ஆளுக, வரிசையா, முத்தத்துல போறாங்க. ஆம்பிளைக தலையில செவப்புத் துண்டு. பொம்பளைக பட்டுச்சேலை, அதுல பச்சைக் கரை. புரை விழுந்த கண்ணுக்கு ஒன் மூஞ்சி தெரியலை, அந்தச் சேலைக்கரையில ஓடுற மாங்காய் வேலைப்பாடு தெரியுது! சத்தம் ஒண்ணும் இல்லை. என்னைத் திரும்பியும் பாக்கலை. தொட்டி கிட்ட வந்ததும் காணாமப் போயிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க.

எனக்குப் பயம் வரலை. இது நிசமில்லைன்னு உள்ளுக்குள்ள நல்லாத் தெரியுது, ஆனா கண்ணு காட்டிக்கிட்டே இருக்கு, காசில்லாத சினிமா. நாலு நாள் மறைச்சுப் பாத்தேன். அஞ்சாம் நாள் ஒங்க பாட்டிகிட்ட சொன்னேன். "பொம்பளைகளா? என்ன வயசிருக்கும்?"ன்னா. ஐம்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தினவளுக்கு, புருசன் இல்லாததைப் பாக்கிறான்ங்கிற கவலை வரலை பாரு.

பேத்திதான் கண்டுபிடிச்சா. 1760-ல ஜெனிவாவுல சார்லஸ் போனேன்னு ஒரு அறிஞர், தன்னோட தாத்தாவைப் பத்தி எழுதி வச்சிருக்கார். தாத்தாவுக்கு எண்பத்தொம்பது வயசு, ரெண்டு கண்ணுலயும் புரை. ஆளுக, பறவைக, வண்டிக, கட்டடங்கன்னு என்னென்னமோ முன்னாடி போயிருக்கு. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்திருக்கு. அந்தப் பேரன் பேரையே இதுக்கு வச்சுட்டாங்க. கண்ணுலருந்து தபால் வரலைன்னா மூளை சும்மா இருக்காதாம், பழைய தபாலைப் பிரிச்சு வாசிக்க ஆரம்பிச்சுருமாம். எத்தனை கிழடுக இதைப் பாத்துட்டு, பைத்தியம்பாங்களோன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கோ. ஒரு கண்ணுல ஆபரேசன் ஆச்சு. சின்ன ஆளுக வாரது நின்னுபோச்சு. உள்ளதைச் சொல்றேன், ரெண்டு நாள் எனக்குக் கொஞ்சம் வெறிச்சுன்னுதான் இருந்துச்சு.

இதுல ஒண்ணைப் பிடிச்சுக்கோ. இல்லாததைப் பாத்தேன், ஆனா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. இந்த "தெரிஞ்சுச்சு" இருக்கே, அதுதான் தாவாவே. கண்ணு பொய் சொல்றதுல ஆபத்து கொஞ்சம். அந்தப் பொய்யை எழுதிப் பத்திரப்பதிவு ஆபீசுல பதிஞ்சு பட்டா வாங்கிக்கிறான் பாரு, அங்கதான் வம்பு. அதுக்கு வாரேன்.

அதுக்கு முன்னால மேலத்தெரு சின்னம்மா. சித்தப்பா செத்து எட்டு மாசம் ஆச்சு. சாயங்காலம் ஆறரை மணிக்குச் சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தம், அப்புறம் தொண்டையைச் செருமுற சத்தம். இவ அடுப்படியிலருந்தே "வந்துட்டேன்"ங்கிறா, அப்புறம் நெனப்பு வந்து உக்காந்து அழுகிறா. மகன்காரன் பயந்துபோய் இதே கோடாங்கிகிட்ட போயிருக்கான், "ஆத்மா சாந்தியடையலை, பதினஞ்சாயிரம் ஆகும்"னுட்டார். நான் மகனைக் கூப்பிட்டு வச்சு, வேல்ஸ் நாட்டுல ரீஸ்னு ஒரு டாக்டர் இருந்தார்டான்னேன். 1971-ல அவர் எழுதினது. புருசனையோ பொண்டாட்டியையோ பறிகொடுத்த 293 பேரைத் தேடிப்போய் விசாரிச்சிருக்கார். அதுல பாதிக்குக் கொஞ்சம் கொறைவான பேருக்கு, போனவுக பக்கத்துல இருக்கிற மாதிரியோ, குரலோ, உருவமோ தட்டுப்பட்டிருக்கு. பெரும்பாலானவங்க அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. பல பேருக்கு அது ஆறுதலாவே இருந்திருக்கு. நாப்பது வருசம் ஒரு சத்தத்துக்குக் காதைத் தீட்டி வச்சிருந்தா, சத்தம் நின்ன மறுநாளே காது ஓய்வு வாங்கிக்கிருமா? சின்னம்மா நல்லா சாப்பிடுறா, சீட்டுக்காசு பைசா பிசகாம எண்ணுறா. அவளை விட்டுரு, சாயங்காலம் ஆறரைக்கு மட்டும் பக்கத்துல போய் உக்காருன்னேன். பதினஞ்சாயிரம் மிச்சம்.

யாரோ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கிறது இருக்கே, அது இமயமலை வரைக்கும் போகுது. ஸ்மைத்னு ஒரு வெள்ளைக்காரர், 1933-ல எவரெஸ்ட்ல தனியா ஏறிக்கிட்டிருக்கார். உச்சி கிட்ட வந்தாச்சு, காத்து இல்லை, ஒடம்புல தெம்பு இல்லை. கூடவே யாரோ ஏறிவார மாதிரி ஒரு நெனப்பு. பையிலருந்து புதினா மிட்டாய்க்கட்டியை எடுத்து, பாதியை ஒடிச்சு, பக்கத்தாளுக்குக் குடுக்கத் திரும்பியிருக்கார். பக்கத்துல யாரு? பனிதான். நம்மாளா இருந்தா ஆளு நிசமா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டான். களைப்பும், தனிமையும், பசியும், தூக்கமின்மையும் சேந்தா மூளை தொணைக்கு ஒரு ஆளைச் செஞ்சுக்கிடும். நீ ஒத்தையில ரூமெடுத்து, மூணு வேளையும் பரோட்டா தின்னு, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் தூங்குற ஆளு. ஒனக்கு எவரெஸ்ட் எதுக்கு?

எல்லாமே மண்டைக்குள்ளதான்னும் நான் சொல்லலை. சில பேய் சுவத்துல இருக்கும். இங்கிலாந்துல கோவென்ட்ரி ஊர்ல விக் டாண்டின்னு ஒரு எஞ்சினியர். அவர் வேலை பாத்த ஆய்வுக்கூடத்துல பேய் இருக்குன்னு பேச்சு. ஒரு ராத்திரி இவருக்கே வேர்த்து, மயிர் சிலிர்த்து, கடைக்கண்ணுல சாம்பல் நிறத்துல ஒரு உருவம். திரும்பினா இல்லை. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்குப் போகணும்னு தன் வாளைக் கொண்டுவந்து பிடிப்புல மாட்டியிருக்கார். வாள் தானா நடுங்குது. நம்ம ஆளா இருந்தா அந்த நிமிசம் திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டு வேலையை விட்டிருப்பான். இவர் அந்த வாளை நகத்தி நகத்தி எங்க அதிகமா நடுங்குதுன்னு பாத்தார். கடைசியில புதுசா மாட்டின காத்து வெளியேத்துற ஃபேன்தான் குத்தவாளி. காதுக்குக் கேக்காத அதிர்வு, வினாடிக்கு 19 தடவை. ஃபேனைச் சரிபண்ணினதும் பேய் காலி. 1998-ல அதை எழுதினார், தலைப்பு "எந்திரத்துக்குள்ள பேய்"ங்கிற மாதிரி. எல்லாப் பேயும் ஃபேன்தான்னு இதை வச்சு அடிச்சுப் பேசாத. பின்னால மத்தவங்க செஞ்சு பாத்ததுல ஒருவாட்டி வந்தது மறுவாட்டி வரலை. ஆனா பயந்த நேரத்துல ஓடாம வாளை நகத்திப் பாத்தான் பாரு, அந்தக் கிறுக்குத்தனம் எனக்குப் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு சிரிப்புக்கு இல்லை. 1921-ல அமெரிக்காவுல வில்மர்னு ஒரு கண் டாக்டர் எழுதினது. ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிபோச்சு. காலடிச் சத்தம், யாரோ நிக்கிற மாதிரி, பிள்ளைகளுக்குத் தலைவலி, எல்லாருக்கும் சோர்வு. வீட்டுக்குள்ள வச்ச செடியெல்லாம் வாடிப்போச்சு. பேய்க்கும் செடிக்கும் என்ன பகை? அதை யோசிச்சிருந்தா பாதிக் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். வீட்டைச் சூடாக்குற உலையிலருந்து கரிப்புகை வெளிய போகாம உள்ளயே பரவியிருக்கு. கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திப் படுத்தவங்க எந்திரிக்காமலே போன சேதி நீயும் பேப்பர்ல பாத்திருப்ப. ஒரு வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிச்சு, எல்லாருக்கும் பேய் தெரிஞ்சா, மொதல்ல ஜன்னலைத் திற. அப்புறம் கோடாங்கியைக் கூப்பிடலாம்.

கல்லு விழுற வீடுன்னு ஒரு வகை இருக்கு. கோவூர்னு ஒருத்தர், கேரளாவுல பிறந்து இலங்கையில வாத்தியாரா இருந்தவர். அமானுஷ்ய சக்தியை ஏமாத்தாம நிரூபிச்சா ஒரு லட்சம் ரூபாய்னு 1963-லயே சவால் விட்டார். 1978-ல சாகிற வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் வாங்கலை. கல்லு விழுற வீட்டுக்கு அவர் போனா வானத்தைப் பாக்க மாட்டார், வீட்டுல இருக்கிற ஆளுக மூஞ்சியைப் பாப்பார். நம்ம ஊர்லயும் வடக்குத்தெரு ஓட்டுவீட்டுல, எனக்குப் பதினொரு வயசா இருக்கையில, ஒன்பது ராத்திரி கல்லு விழுந்துச்சு. அங்க ஒரு வாத்தியார் குடியிருந்தார், சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லிக் கணக்குப் போடச் சொல்லுவார். பூசாரியைக் கூப்பிட்டுச் சேவல் அறுத்தாங்க, கல்லு நின்னுச்சு, வாத்தியார் வேற தெருவுக்குப் போயிட்டார். ஊரே இன்னும் அந்தப் பூசாரி பெருமையைப் பேசுது. அறுபத்தெட்டு வருசத்துக்கு அப்புறம் ஒங்கிட்ட மட்டும் சொல்றேன், அந்தக் கல்லை எறிஞ்சது நான்தான். சேவக்கறியில ஒரு காலும் எனக்குக் கிடைச்சுச்சு. ஒங்க பாட்டிக்குத் தெரிய வேண்டாம்.

இப்ப வம்பான இடத்துக்கு வருவோம். சந்தேகம்.

சந்தேகப்படுறவன் எல்லாம் நோயாளி இல்லைடா. பங்காளி வரப்பை வெட்டுறான்னு சொல்றவனையெல்லாம் மாத்திரை குடுத்துப் படுக்க வைக்கணும்னா, தாலுகா ஆபீசை ஆஸ்பத்திரியா மாத்தணும். பாதி கேஸ்ல பங்காளி நிசமாவே வெட்டியிருப்பான். அதனால நான் வச்சிருக்கிற சோதனை ஒண்ணே ஒண்ணு. சர்வேயரைக் கூப்பிடு. அளந்து பாத்து, "வரப்பு சரியாத்தான் இருக்கு பெரியவரே"ன்னு அவர் சொன்னா, சாதாரணச் சந்தேகக்காரன் முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்குப் போவான். மத்தவன் என்ன சொல்லுவான் தெரியுமா? "சர்வேயரும் அவன் கையாள்." வேற சர்வேயர் வந்தா? "சங்கிலியில ஒரு கண்ணியைக் கழட்டிட்டான்." கலெக்டரே வந்தா? "பாத்தீங்களா, கலெக்டரையே வளைச்சுட்டான்!" எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் தின்னு இன்னும் பெருசா வளருது பாரு, அது சாதாரணச் சந்தேகம் இல்லை. ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகப்படுறவனுக்குத் தன் சந்தேகத்து மேல மட்டும் ஒருநாளும் சந்தேகம் வராது.

கீழத்தெருவுல ஒரு பையன், பேரு வேண்டாம், ஒனக்கே தெரியும். நல்லாப் படிச்சவன். மொதல்ல பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பத்திப் பேசுறார்னான். அப்புறம் டீக்கடையில எல்லாரும் தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்கன்னான். டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு தனக்கு மட்டும் சேதி சொல்லுதுன்னான். பல்லுக்குள்ள சிப்பு வச்சுட்டாங்கன்னு பல்லைப் பிடுங்கச் சொன்னான். கடைசியில பெத்தவ போட்ட சோத்தை மோந்து பாத்துட்டுத் தள்ளிவிட்டான். ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேணும்? காலத்துக்குத் தகுந்த கருவி, அம்புட்டுதான். அவன் தாத்தன் காலமா இருந்தா செய்வினைத் தகடும்பான். லண்டன்ல மேத்யூஸ்னு ஒரு தேயிலை வியாபாரி இருந்தான். பூமிக்கடியில ஒரு கும்பல் காத்துத் தறி ஒண்ணை வச்சுத் தன் மூளையை நெய்யுதுன்னான். தறியும் நீராவியும் பெருகின காலம், அதனால தறி. ஆஸ்பத்திரி டாக்டர் 1810-ல அதைப் படத்தோட புத்தகமாவே போட்டார். இதுல ஒரு வேடிக்கை, அந்த மேத்யூஸ் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல ரகசியமா சமாதானம் பேசப் போய் பாரீசுல நிசமாவே சிறையில கிடந்தவன். ஒத்தர்க்கு நிசத்துல எதிரி இருக்கலாம், நோயும் இருக்கலாம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லை.

குரல் கேக்குறதும் அப்படித்தான். நம்ம சென்னை, ஆப்பிரிக்காவுல அக்ரா, அமெரிக்காவுல ஒரு ஊரு, மூணு இடத்துலயும் இருபது இருபது பேரா, மனச்சிதைவு நோய் உள்ளவங்ககிட்ட லூர்மன்னு ஒரு அம்மா குழுவோட விசாரிச்சிருக்காங்க. அமெரிக்காக்காரனுக்குக் குரல் வெட்டு, குத்துங்குது. சென்னைக்காரங்கள்ல பாதிக்கு மேல சொந்தக்காரங்க குரலாம். குளி, சமை, வீட்டைப் பெருக்குன்னு வேலை ஏவுதாம். பாத்தியா, நம்ம ஊர்ல நோய்கூட மாமியார் வேசம் கட்டித்தான் வருது. ஆனா சொந்தக்காரக் குரல்தானன்னு அசட்டையா இருந்துராத. "அவனை முடிச்சுரு", "நீ செத்துரு"ன்னு குரல் சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அங்க யோசனையும் கிடையாது, நல்ல நேரமும் கிடையாது.

இன்னும் ரெண்டு விசயம் வெரசாச் சொல்லிர்றேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்த கிழடு, இன்னைக்குச் சாயங்காலம் திடீர்னு ஆளடையாளம் தெரியாம, சுவத்துல பூச்சி ஓடுதுன்னா, அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூத்திரத்துல கிருமி இருக்கலாம், உப்புச்சத்து குறைஞ்சிருக்கலாம், புதுசா விழுங்கின மாத்திரையா இருக்கலாம். விடியட்டும்னு காத்திருந்தா ஆளே போயிருவார். அடுத்து, தெனம் குடிக்கிறவன். நம்ம பால்காரர் மகன் மாலை போட்டான். சாமிக்குப் பயந்து குடியை ஒரே நாள்ல நிறுத்தினான். மூணாம் நாள் கை நடுங்குது, ஒடம்பு கொதிக்குது, "எறும்பு ஏறுது, பாம்பு வருது"ங்கிறான். சாமி வந்துருச்சுன்னு குலவை போட்டுத் திருநீறு பூசினாங்க. நான்தான் சத்தம் போட்டு ஆட்டோ பிடிச்சேன். குடி மூளையை விட்டு எறங்குற நேரம், உசிரையே கொண்டுபோற நேரம் அது. நாலு நாள்ல டாக்டர் தேத்தி அனுப்பினார். மாலையைக் கழட்டாம மலைக்கும் போயிட்டு வந்தான்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போறதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. கும்பிடு, திருநீறு பூசு, மாத்திரையும் போடு. சாமி மாத்திரைக்குக் கோவிச்சுக்காது. ஆனா சங்கிலி? 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை, ஏர்வாடியில ஒரு கொட்டகை தீப்பிடிச்சுச்சு. மனநோயாளிகளைச் சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்க. எரியுது, ஓட முடியலை. 28 பேர். எனக்கு எல்லாத்துலயும் நையாண்டி வரும், அந்தப் பேப்பரை நூலகத்துல கோத்து வச்ச அன்னைக்கு வரலை. இப்ப 2017-ல வந்த மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியில கட்டக் கூடாதுங்குது. கீழத்தெருப் பையனையும் கட்டத்தான் பாத்தாங்க. அவன் ஆத்தாவை நான் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்பப் போறீக"ன்னு அழுதா. கீழ்ப்பாக்கம்னா என்ன, காலாபாணியா? அதுவும் ஒரு ஆஸ்பத்திரிதான், 1794-லருந்து நடக்குது. அங்கெல்லாம் போக வேண்டிய வேலையே வரலை. மாத்திரையை ஒழுங்காப் போட்டான், ஆறு மாசத்துல ஆத்தா கையால சோறு தின்னான். இப்ப உரக்கடையில கணக்கு எழுதுறான். என் கணக்குல பன்னெண்டு ரூபாய் கூடுதலா எழுதிட்டான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதை நான் சர்வேயர் வச்சுப் பாத்துக்கிடுதேன்.

நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416-னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ். காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அமுக்குவான் வந்துட்டுப் போனதும் ஒங்க ஆத்தாளுக்குப் போனைப் போட்டு அவளையும் எழுப்பிவிடுறதுக்கு, அவங்களுக்குப் போடு.

சரி, மூணாவது பாக்கி. வீட்டுக்காரர் மாடியிலருந்து எட்டிப் பாக்கார்னியே. எப்ப பாக்கார்? நீ வெளிய போகையிலயும் வரையிலயும். கேட்டு கிட்ட வந்து நிக்கிறாரா? நிக்கிறார். போன்ல ஏதோ பேசிக்கிட்டே ஒன்னைக் கண்ணால காட்டுறாரா? காட்டுறார். இது எத்தனை நாளா? ரெண்டு மாசமா. ஏலே, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு, வாடகை குடுத்து எத்தனை மாசம் ஆச்சு?

அப்படிச் சொல்லு! ரெண்டு மாசம். பேயும் இல்லை, நோயும் இல்லை, அந்த மனுசன் நிசமாவேதான் பாக்கார். கோடாங்கிக்குக் குடுத்த மூவாயிரத்தை அவர்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் பாதிப் பேய் எறங்கியிருக்கும்.

எந்திரிச்சுப் போய்க் கைகால் கழுவிட்டு வா, பாட்டி இட்லி எடுத்து வச்சிருப்பா. இருடா, ஒரு நிமிசம். ஆபரேசன் ஆகாத இந்த எடதுகண்ணை இன்னும் நம்ப முடியலை. வேப்பமரத்துக்குக் கீழ, செவப்புத் துண்டு, கையில உடுக்கை, ஒரு ஆளு நம்ம வீட்டைப் பாத்து வார மாதிரி தெரியுது. ஒனக்கும் தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லு.

தெரியுதா? அப்ப நிசம்தான். மீதி நாலாயிரத்துக்கு வாரார். நீ பின்வாசல் வழியா தோட்டத்துக்குப் போயிரு. நான் அவரைத் திண்ணையில உக்கார வச்சு, அந்தச் சின்ன ஆளுக கதையை மொதல்லருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.